மக்காத துணி

மூன்றாவது துணியும் முழுசாகத்தான் வந்தது. மெரெயானா அதை உதறி, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, எங்கேயாவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாள். ஊசிமுனை அளவுக்குக்கூட ஓட்டை இல்லை. மடித்து இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டு நான்காவது துணிக்கு அடையாளமாக நட்டிருந்த குச்சியை நோக்கித் தவழ்ந்தாள். படகிலிருந்து இறங்கி அரை மணி நேரம் ஆகியிருக்காது. மூட்டை முடிச்செல்லாம் கரைப்பாறையிலேயே கிடந்தன. வீட்டுக் கதவைக்கூட அவள் இன்னும் திறக்கவில்லை.

ஒவ்வோர் ஏப்ரலும் இப்படித்தான். பிக்கொரோவா தீவின் வடக்குச் சரிவு மெரெயானா குடும்பத்தின் பங்கு. போன வருஷம் அங்கே புதைத்த பத்துத் துணிகளை இந்த வருஷம் தோண்டி எடுப்பாள். நாலு விரல் அகலம், ஒரு சாண் நீளம், கலப்பில்லாத பருத்தி. ஓரத்தில் சிவப்பு நைலான் நூலால் வருஷத்தைத் தைத்திருப்பாள். உயிருள்ள மண் பருத்தியைத் தின்றுவிடும், நைலானைத் தொடாது. எனவே நல்ல மண்ணைத் தோண்டினால் சிவப்பு நூல் மட்டும் சுருண்டு கிடக்க வேண்டும். "சாப்பிட்டுச்சா, இல்லையா? எனக்கு அது தெரிஞ்சாப் போதும்" என்பாள். அவளுடைய மண் ஏழெட்டு வருஷமாகச் சாப்பிடவில்லை.

துணிக்குப் பஞ்சமில்லை. கடலுக்கு அக்கரையில், இன்வர்கார்கில் ஊரில் ஒரு விடுதியின் சலவையறையில் வேலை பார்க்கிறாள். கிழிந்த தலையணை உறைகளை அங்கே யாரும் கணக்குக் கேட்பதில்லை. வருஷம் முழுக்க ஊரார் துணி கெடாமல் பார்த்துக்கொள்வது பிழைப்பு, ஏப்ரலில் தன் துணி கெட்டுப்போயிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்வது வழக்கம். சலவையறைப் பெண்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். மெரெயானாவும் கூடச் சிரிப்பாள், ஆனால் அவர்கள் நிறுத்துவதற்கு முன்பே நிறுத்திவிடுவாள்.

வயது ஐம்பத்தெட்டு. குட்டையான, கெட்டியான உடம்பு. இடது கையைவிட வலது கை ஒரு விரற்கடை நீளம் என்று உறவுக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். நாற்பது வருஷம் வயிற்றின் மேல் குப்புறப் படுத்து, வளைக்குள் தோள் வரை கையை விட்டுத் தீத்திக் குஞ்சுகளை இழுத்தெடுத்த கை அது. தீத்தி கடல்பறவை. கடலில் மேய்ந்துவிட்டு மண்ணுக்குள் வளை தோண்டி முட்டையிடும். ஏப்ரலில் குஞ்சு கொழுத்துக் கிடக்கும். குஞ்சைப் பிடித்து, இறகு பிடுங்கி, உப்பிட்டு, வருஷம் பூராவும் வைத்துச் சாப்பிடுவது இந்தத் தீவுக் குடும்பங்களின் உரிமை. அந்தந்தக் குடும்பம் அதனதன் பங்கில் மட்டும் பிடிக்க வேண்டும். காற்றில் தொப்பி பறந்து பக்கத்துப் பங்கில் விழுந்தால்கூட எல்லையில் நின்று குரல் கொடுத்துக் காத்திருக்க வேண்டுமே தவிர, காலை வைக்கக் கூடாது.

நடையைப் பார்த்தால் புதியவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். மெரெயானா தன் பங்கில் ஒருநாளும் நேராக நடந்ததில்லை. மரத்தின் வேர்ப்புடைப்பிலிருந்து அடுத்த வேர்ப்புடைப்புக்கு எட்டி எட்டிக் கால் வைப்பாள், வேர் இல்லாத இடத்தில் முட்டி போட்டுக் கையூன்றித் தவழ்வாள். வளைகள் நிறைந்த மண் மேல் முழு எடையோடு மிதித்தால் கூரை இடிந்து குஞ்சு உள்ளேயே புதைந்துவிடும். சின்ன வயதில் பழகிய கால் அது. இப்போது அந்தச் சரிவில் இடிவதற்கு வளையே கிடையாது. மாட்டு வண்டியே ஓட்டலாம். இருந்தும் அவள் தவழ்கிறாள். "கால் கேக்க மாட்டேங்குது" என்பது அவள் சமாதானம்.

அவளுடைய தம்பி ஹெனரே வருவதை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது. இல்லாத பறவைக்கு இறகு பிடுங்க அக்கா போகிறாள் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறான். தனியாக வந்து, ஆறு வாரம் இருந்து, கூரை ஓட்டை அடைத்து, அடுப்புக்கரி தேய்த்துவிட்டுத் திரும்புகிறாள். சரிவில் ஒரே ஒரு பழைய வளையை மட்டும் அவள் மூடவிடவில்லை. உள்ளே இறங்கும் வேர்களை வருஷா வருஷம் கத்தியால் நறுக்கி, வழியைத் துப்புரவாக வைத்திருக்கிறாள். துணிகளை எடுத்து முடித்ததும் அதற்குள் தோள் வரை கையை விட்டுத் துழாவுவாள்.

அந்தச் சரிவைப் பார்த்து யாராவது "எவ்வளவு பசுமை" என்று சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்க அவர்களோடு பேச மாட்டாள். உண்மையில் பசுமைதான். இடுப்பு உயரத்துக்கு மரக்கன்றுகள், தொடை உயரத்துக்குப் பெரணி, கீழே கணுக்கால் மூழ்கும் சருகு. பறவை இருந்த காலத்தில் அங்கே ஒரு கன்றும் நிற்காது. கொத்தியும் கீறியும் மிதித்தும் தரையை வழித்துவைத்திருக்கும். மண் கறுப்பாக, பிசுபிசுவென்று, மீன்நாற்றத்தோடு இருக்கும். எச்சம், இறகு, உடைந்த முட்டை, குஞ்சு கக்கிய மீன் எண்ணெய் எல்லாம் அதற்குள் போய், விழுந்த இலை அடுத்த இலை விழுவதற்குள் காணாமல் போகும். இப்போது நாற்றம் இல்லை. எட்டு வருஷத்துச் சருகு அடுக்கடுக்காக அப்படியே கிடக்கிறது. "வாய் இல்லாத மண்ணு" என்று அவள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறாள்.

வாய் என்று அவள் சொல்வது வெறும் பேச்சல்ல, கண்ணால் பார்த்திருக்கிறாள். பல்கலைக்கழகத்திலிருந்து எய்ல்சா என்றொரு பெண் இரண்டு வருஷம் தொடர்ந்து மண் எடுக்க வந்தாள். மெரெயானா அவளுக்கு வைத்த பெயர் புழு டாக்டர். வீட்டு மேசையில் நுண்ணோக்கியை வைத்து, முதலில் பக்கத்துப் பங்கின் மண் ஒரு சிட்டிகை காட்டினாள். கண்ணாடி நூல் போலப் புழுக்கள் நெளிந்தன, எட்டுக்கால் பொடிப்பூச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின, ஏதோ ஒன்று தலையில் சக்கரம் சுற்றுவதுபோல் எதையோ வாரி விழுங்கியது. ஆட்ட நாளில் ரக்பி மைதானத்து வாசல் மாதிரி இருந்தது. பிறகு மெரெயானாவின் மண். நெடுநேரம் பார்த்தாள். ஒரே ஒரு புழு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"எல்லாரும் எங்க போயிட்டாங்க?" என்று கேட்டாள்.

பறவை கடலிலிருந்து கொண்டுவந்து கொட்டிய சோறு நின்றுபோனதும் இவை பட்டினியில் குறைந்துவிட்டன என்று எய்ல்சா சொன்னாள். பறவைகளைத் தின்று தீர்த்த எலியைக் கொன்றாலும் பறவை வந்தால்தான் இவை பெருகும். நல்ல பறவை மண்ணைக் கொஞ்சம் கொண்டுவந்து போட்டால் ஒருவேளை தொடங்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றாள். மெரெயானா அன்று நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அந்த ஒற்றைப் புழு காய்ந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

எலி வந்தது பதினோரு வருஷத்துக்கு முன்பு. எப்படி வந்தது என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. அந்தக் குளிர்காலத்தில் பாவோரா என்ற மீனவன் படகு எந்திரம் பழுதாகி மூன்று நாள் வடக்குக் குடாவில் கயிறு கட்டிக் கிடந்தான். அந்தக் கயிறு வழியாக இறங்கியது என்பார்கள். பாவோரா இல்லை என்று சொல்லிப் பார்த்தான், பிறகு சொல்வதை விட்டுவிட்டான். வடக்குச் சரிவில் தொடங்கிய எலி மூன்றே வருஷத்தில் அங்கே ஒரு குஞ்சு மிச்சம் வைக்கவில்லை. நடுப்பாறையைத் தாண்டித் தெற்கே போய், ஹெலிகாப்டரில் வந்து விஷம் தூவுவதற்குள் அங்கேயும் பாதியை முடித்தது. தெற்குப் பங்கு விக்கிட்டோரியாவுடையது. பாவோரா அவள் பெற்ற பிள்ளை. அவனை இனித் தீவில் கால் வைக்கக் கூடாது என்று சொன்னவளும் அவள்தான்.

மெரெயானாவிடம் இருப்பது வேறு கதை. அதே வருஷம், பாவோரா கயிறு கட்டிக் கிடந்த குளிர்காலத்துக்கு முன்பே, ஏப்ரலில் நடந்தது. அம்மா இறந்து ஓராண்டாகி, கல்லறைக் கல் திறக்கும் சடங்கு வரவிருந்தது. விருந்துக்கு வரும் பறவை பிளாஸ்டிக் வாளியில் வரக் கூடாது, அம்மாவுக்குப் பிடித்தபடி கடற்பாசிப் பையில் அடைத்து, மேலே தோத்தாரா மரப்பட்டை சுற்றிக் கட்டிய போஹாவாக வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பட்டையைக் காட்டிலிருந்து உரித்துக் கொட்டகையில் மாதக்கணக்கில் காயப்போட்டிருந்தாள். தீவுக்குப் போகும் எந்த மூட்டையையும் துறையில் பிரித்து உதறிப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். காய்ந்த பட்டைக் கட்டை அவிழ்த்தால் நொறுங்கிவிடுமே என்று அதை மட்டும் அவிழ்க்காமல் ஏற்றினாள். தீவில் அவிழ்த்தபோது நடுவில் புல்லும் பஞ்சும் கொறித்துச் சுருட்டிய ஒரு கூடு இருந்தது. உள்ளே எதுவும் இல்லை. கூட்டை அடுப்பில் போட்டு எரித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றுதான் இருக்கும், தானாகச் செத்துப்போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விருந்தில் எல்லோரும் போஹாவைப் புகழ்ந்தார்கள்.

தீவுகளில் தினமும் காலை எட்டு மணிக்கு ரேடியோ நேரம். எல்லாத் தீவுக் குடும்பங்களும் ஒரே அலைவரிசைக்கு வருவார்கள். வானிலை, மாவு தீர்ந்த வீடு, பல்வலிக்காரர், இன்று இத்தனை பறவை என்ற பெருமை எல்லாம் அதில் ஓடும். பொத்தானை அழுத்தியிருப்பவர் மட்டுமே பேச முடியும், விரலை எடுத்தால்தான் மற்றவர் குரல் வரும். விக்கிட்டோரியா விரலை எடுக்கவே மாட்டாள் என்று எல்லோருக்கும் குறை. மெரெயானா நேர்மாறு. "வடக்குச் சரிவு. எல்லாம் நல்லபடி. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுச் சூடு பட்டதுபோல் விரலை எடுத்துவிடுவாள். பதினோரு வருஷமாக ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்த ஏப்ரலில் பத்துத் துணியும் முழுசாக வந்தன. துவைத்தால் மறுபடி தலையணைக்குப் போடலாம். பிறகு அந்த ஒற்றை வளையில் கையை விட்டாள். குளிர்ந்த மண்ணும், புதிதாக இறங்கிய ஒரு வேரும் இருந்தன. சரிவு முழுக்கத் தவழ்ந்து தேடியும் புது வளை எதுவும் கண்ணில் படவில்லை. இங்கிருந்து கடைசிக் குஞ்சு பறந்து போய் எட்டு வருஷம். தீத்தி பிறந்த இடத்துக்கே திரும்பும், ஏழு வயதுக்குள் திரும்பிவிடும். இந்தச் சரிவைத் தன் வீடு என்று அறிந்த பறவை இனி உலகத்தில் ஒன்றுமில்லை என்பது அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. வளை வாயில் கன்னத்தை வைத்தபடி கொஞ்ச நேரம் கிடந்தாள். அழுகை வரவில்லை. பிறகு கத்தியை எடுத்து அந்த வேரை நறுக்கினாள்.

மறுநாள் மத்தியானம் எல்லையில் நிற்கும் பெரிய ராத்தா மரத்தடிக்குப் போய்க் குரல் கொடுத்தாள். விக்கிட்டோரியா வர நேரம் பிடித்தது. எழுபத்திரண்டு வயது, பெருத்த மார்பு, முழங்கை வரை இறகுத்தூள். வழக்கம்போல் ஒரு மரக்கிளையில் எதையோ தொங்கவிட்டாள். மெரெயானா கொடுத்திருந்த பதினோராவது துணியை அவள்தான் தன் பங்கில் புதைத்து எடுத்துக் கொடுப்பாள். தொங்கியது சிவப்பு நூல் மட்டும்.

"உன் கோவணத்த என் மண்ணு சாப்பிட்டு ஏப்பம் விட்டுருச்சுடி" என்றாள். "அங்க?"

"இங்க சாப்பிடல அக்கா. பத்தும் முழுசா இருக்கு."

விக்கிட்டோரியாவின் சிரிப்பு நின்றது. மெரெயானா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, எய்ல்சா சொன்னதைச் சொல்லி, ஆறு வாளி மண் கேட்டாள். அடுத்தவர் பங்கின் மண்ணைக் கேட்பது இந்தத் தீவில் இதுவரை யாரும் செய்யாத காரியம். செருப்படி கிடைக்கும் என்றுதான் வந்திருந்தாள்.

விக்கிட்டோரியா முழங்கையில் ஒட்டிய இறகுத்தூளைத் தட்டினாள். பிறகு, "கேக்கணுமா நீ? என் வயித்துல பொறந்தது பண்ண வேலைக்கு நானே கொண்டாந்து கொட்டியிருக்கணும்" என்றாள்.

அவளே தோண்டினாள். மெரெயானாவை எல்லை தாண்ட விடவில்லை, தூக்கவும் விடவில்லை. குஞ்சு இல்லாத வளைகளின் வாயாகப் பார்த்து, மேல்மண்ணை வழித்து ஆறு வாளி நிரப்பினாள். ஒவ்வொன்றாக மரத்தடிக்கு இழுத்து வந்தாள். பிறகு எல்லையில் நின்று, "வரலாமா?" என்று முறைப்படி கேட்டு, அனுமதி வாங்கி, முதல் வாளியோடு வடக்குப் பங்கில் கால் வைத்தாள். அந்த உடம்போடு அவளும் முட்டி போட்டுத் தவழ்ந்தாள். இடிவதற்கு ஒன்றுமில்லை என்று அவளுக்கும் தெரியும்.

ஒற்றை வளையின் வாயருகே சருகை விலக்கி மண்ணைக் கொட்டி, இரண்டு கையாலும் பரப்பினாள். மீன்நாற்றம் எழுந்தது. எட்டு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சரிவில் அந்த நாற்றம். மெரெயானாவும் பக்கத்தில் மண்டியிட்டு விரல்களை உள்ளே விட்டாள். மண் சூடாக இருந்ததுபோல் தோன்றியது.

விக்கிட்டோரியா முணுமுணுப்பது கேட்டது. பிரார்த்தனைதான். அதில் மகன் பெயர் வந்தது. மன்னிக்கச் சொல்லி இந்த மண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாவோரா இல்ல அக்கா" என்றாள் மெரெயானா.

"என்னது?"

"எலி அவன் படகுல வரல. என் பட்டைக் கட்டுல வந்துச்சு. அம்மா கல்லு தெறப்புக்குக் கொண்டாந்த பட்டை. இங்க வந்துதான் பிரிச்சேன். நடுவுல கூடு. கைய வச்சேன், இன்னும் சூடு ஆறல."

கையைப் பரப்பியபடியே விக்கிட்டோரியா அப்படியே இருந்தாள். "அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அவனப் பேசினாங்களே, அப்ப?"

"அப்பவும் தெரியும்."

ஒவ்வொரு மே மாதமும் விக்கிட்டோரியா தன் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வாளி பறவை அனுப்புவாள். அது வராத பிள்ளை பிள்ளையே அல்ல. "பதினோரு வருஷம் அவனுக்கு ஒத்தப் பறவை அனுப்பல நான்" என்றாள். சத்தம் போடவில்லை. மெரெயானா திட்டுக்குக் காத்திருந்தாள், திட்டும் வரவில்லை.

விக்கிட்டோரியா வாளியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பரப்பிய மண்ணைக் கையால் கூட்டி அள்ளி உள்ளே போட்டாள். சருகில் ஒட்டியதைத் தட்டி எடுத்தாள். வேர்ச்சந்தில் விழுந்ததை விரலால் நோண்டி எடுத்தாள். ரொம்ப நேரம் பிடித்தது. மெரெயானா உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கடைசிக் கட்டியும் போனபிறகு விக்கிட்டோரியா மரத்தைப் பிடித்து எழுந்தாள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு ரேடியோல நீயே சொல்லு. அவன் எந்தக் கடல்ல இருந்தாலும் அந்த நேரத்துக்குக் கேப்பான். என் குரலுக்காகக் கேப்பான்."

வாளியைத் தூக்கிக்கொண்டு எல்லையை நோக்கி நடந்தாள். தவழவில்லை, வேரைத் தேடவில்லை. சரிவின் நட்டநடுவே, கன்றுகளை முறித்துக்கொண்டு, பூட்ஸ் காலால் முழு எடையையும் வைத்து நேராக நடந்தாள். ஓரிடத்திலும் தரை உள்வாங்கவில்லை. மெரெயானா அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மண்டியிட்டிருந்தாள்.

காலையில் எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே ரேடியோ முன் உட்கார்ந்துவிட்டாள். மேசையில் பத்துத் துணியும் துவைக்காமல் அடுக்கி வைத்திருந்தாள். தேநீர் போட்டாள், குடிக்கவில்லை. எட்டு மணிக்கு வானிலை சொன்னார்கள். மேற்கே ஒரு தீவில் மாவு தீர்ந்துவிட்டது. இன்னொரு தீவில் குழந்தைக்குக் காது வலி. தெற்குப் பங்கின் முறை வந்தது. விக்கிட்டோரியா தன் பெயரை மட்டும் சொல்லி உடனே விரலை எடுத்துவிட்டாள். உடம்புக்கு ஏதாவதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். பிறகு வடக்குச் சரிவைக் கூப்பிட்டார்கள்.

மெரெயானா பொத்தானை அழுத்தினாள். "வடக்குச் சரிவு" என்று பழக்கத்தில் வந்துவிட்டது. அடுத்ததும் பழக்கத்தில் வாய்வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள். பிறகு பட்டை, கொட்டகை, துறையில் அவிழ்க்காமல் ஏற்றியது, கூடு, சூடு, அடுப்பு என்று வரிசையாகச் சொன்னாள். பாவோராவின் பெயரை இரண்டு முறை சொன்னாள். துணி பத்தும் முழுசாக இருக்கிறது என்பதையும் சொன்னாள். அது யாரும் கேட்காதது.

சொல்லி முடித்தாயிற்று. இனி அவள் விரலை எடுத்தால் அவர்கள் குரல் வரும். பத்துப் பன்னிரண்டு தீவுகளிலும், எங்கோ ஒரு படகிலும், எல்லோரும் அதற்காகக் காத்திருந்தார்கள். அவளுடைய மூச்சு மட்டும் எல்லா வீட்டிலும் கேட்டுக்கொண்டிருந்தது. பொத்தானின் மேல் கட்டைவிரல் அப்படியே இருந்தது. நகக்கண்ணில் விக்கிட்டோரியாவின் மண் கறுப்பாக ஒட்டியிருந்தது. விரல் நுனி வெளுக்கத் தொடங்கியதும், இன்னொரு கையையும் கொண்டுவந்து அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.